ஹாக்ஸ்டன் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நமது லண்டன் தமிழ்ப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை ஹாக்ஸ்டனில் உள்ள ‘மியூசியம் ஆஃப் தி ஹோம்’ என்ற, வீடுகளைப் பற்றிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். “வீட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

அரண்மனையும் பீரங்கியும் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். இங்கே இருப்பது நாற்காலியும் அடுப்பும். கட்டடமும் சாதாரணமானதல்ல. வயதாகி, வருமானம் இல்லாமல் போனவர்கள் தங்குவதற்காக 1714இல் கட்டிய 14 தர்ம வீடுகள் அவை. ஆளுக்கு ஓர் அறை. சமையலும் தூக்கமும் அதற்குள்ளேதான். 1914இல் அருங்காட்சியகமானது. ஒரு வீட்டில் மட்டும் 1780, 1880 வாக்கில் அறைகள் இருந்த கோலத்தை மீட்டு வைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓர் அறையில் நாலு பேராக இருந்தவர்கள். அதைப் பிள்ளைகளிடம் இதுவரை சொல்லாவிட்டால், அன்று இரவு சொல்லுங்கள்.

இன்னொன்று. இதைக் கட்டப் பணம் விட்டுச் சென்ற ராபர்ட் ஜெஃப்ரி, லண்டன் மேயராக இருந்தவர். அடிமை வணிகத்திலும் பணம் போட்டு லாபம் பார்த்தவர். அங்குள்ள அவருடைய சிலையை எடுக்க வேண்டுமா என்று 2020இல் பெரிய வாதமே நடந்தது. வகுப்பில் இதை மறைக்காமல் பேசுவோம். வீட்டில் பிள்ளை கேட்டால், “தர்மம் செய்த பெரிய மனிதர்” என்று சுருக்கமாக முடித்துவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது, 1976இல் ஒரு கரீபியன் குடும்பத்தின் முன்னறை எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் அறை. விருந்தாளிக்கென்றே அலங்கரித்து, பிள்ளைகளைத் தொடவிடாத அறை. நம் வீடுகளிலும் அப்படி ஒன்று உண்டல்லவா?

அதனால் வீட்டுப்பாடம்: வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றி அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு, பத்து வரி தமிழில் எழுதி வர வேண்டும். பொருள் வேண்டாம், படம் போதும். போன தடவை ஒருவர் தேங்காய்த் துருவலையை ரயிலில் கொண்டுவந்துவிட்டார்!

நுழைவு இலவசம். ஹாக்ஸ்டன் ஓவர்கிரவுண்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலை பத்து மணிக்கு நிலைய வாசலில் சந்திப்போம். மதியச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். கூட வரக்கூடிய பெற்றோர் மூன்று பேர் தேவை. அனுமதிப் படிவத்தை இந்தச் சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்