தளர்த்தும் பொட்டாசியத்தையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்த அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் இரத்தக் குழாயைச் சுருக்கும் கால்சியத்தை விரிவாக விளக்கிவிட்டு, தளர்த்தும் பொட்டாசியத்தை உணவுப் பட்டியலில் மட்டும் சேர்த்திருக்கிறீர்கள். உடலியங்கியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இரத்தக் குழாய்ச் சுவரின் தசைச் செல்லுக்குள் பொட்டாசியம் வெளியே உள்ளதைவிடச் சுமார் 30 மடங்கு அதிகம். செல் சவ்விலுள்ள பொட்டாசியம் சேனல்கள், அதாவது பொட்டாசியம் கடந்துபோகும் நுண் வாயில்கள், திறந்தால் அது வெளியேறும். செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின் நிலைக்குப் போகும். உடனே கால்சியம் சேனல்கள் மூடும், சுருக்கும் கால்சியம் உள்ளே வருவது குறையும், தசை தளரும், குழாய் விரியும். மற்றவை மாறாதிருக்க, ஆரம் இரு மடங்கானால் இரத்த ஓட்டம் 16 மடங்காகும். சிறு தளர்வுக்கே எவ்வளவு பலன், பாருங்கள்!

கால்சியத்தை வில்லனாக மட்டும் காட்டியதும் சரியல்ல. செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து, சவ்வை ஒட்டிய ஒரு புள்ளியில் கணநேரம் கால்சியம் பீறிடும். செல் முழுக்கப் பரவாத, தீப்பொறி போன்ற அந்தப் பீறிடல், அருகிலுள்ள பொட்டாசியம் சேனல்களைத் திறந்துவிடும். ஆக, சுருக்குகிற கால்சியமே தளர்த்தவும் செய்கிறது. உடலியங்கியல் ஆய்வாளர் மார்க் நெல்சன் குழுவினர் 1995இல் மூளைத் தமனிகளில் இதைக் காட்டினார்கள். இன்றும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பு தீர்வதில்லை.

முடி வளரப் பூசும் மினாக்ஸிடில், 1979இல் அமெரிக்காவில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் அனுமதி பெற்றது. அது திறப்பதும் ஒருவகைப் பொட்டாசியம் சேனலையே. மரபணு மாற்றத்தால் அந்தச் சேனல் அளவுக்கு மீறித் திறந்திருக்கும் கான்டூ நோய்க்குறியில், பிறவியிலேயே உடலெங்கும் முடி அடர்ந்திருக்கும், இதயமும் பெருத்திருக்கும்.

ஒன்றை அவசியம் திருத்த வேண்டும். பொட்டாசியம் உணவு இந்தச் சேனல்களை நேராகத் திறந்துவிடுவதுபோல் எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற உதவுவதே அந்த உணவின் முக்கியப் பலன். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பொட்டாசியம் மாத்திரையோ, பொட்டாசியம் கலந்த மாற்று உப்போ எடுத்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். இந்த எச்சரிக்கையை அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர்