பட்டாளத்து சிஸ்டருக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

அத்தையின் முப்பதாம் நாள் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அன்றைக்கே மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு அந்த இரண்டு வார்த்தைகூட வரவில்லை. அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒரு பெயர் விட்டுப்போனாலும் அத்தை கல்லறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவார். வார்டு ரிஜிஸ்டரில் ஒரு வரி குறைந்தாலே தாங்காதவர் அவர்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் அவரைப் 'பட்டாளத்து சிஸ்டர்' என்றுதான் சொல்வீர்கள். புதிதாக வந்த சாமியார் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, எந்தச் சபைக் கன்னியாஸ்திரி என்று விசாரித்தார். "மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் சபைங்க சாமி" என்றார் அத்தை, சிரிக்காமல்.

1971 டிசம்பரில் அவர் கல்கத்தாவில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பாகிஸ்தானுடனான போர் டிசம்பர் 3 முதல் 16 வரைதான் நடந்தது. "உங்களுக்குப் பதினாலு நாள். எங்க வார்டுல ஏப்ரல் வரைக்கும் முடியல" என்பார். கண்ணிவெடியில் கால் போன பையன்களைப் பற்றி அதற்கு மேல் சொல்லமாட்டார். ஒரு கதையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். மயக்கம் தெளியாத ஒருவன் ஒருமுறை 'தண்ணி' என்கிறான், அடுத்த முறை அதையே மலையாளத்தில் 'வெள்ளம்' என்கிறான். கூட இருந்த மலையாள நர்ஸ் அவனைத் தமிழன் என்றார், மதுரைக்கார டாக்டர் மலையாளி என்றார். அத்தை குனிந்து கேட்டாராம்: "தம்பி, நீ சித்தூர் தாலுக்காவா?" அவன் கண் திறந்துவிட்டான்.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று இந்த ஊரில் பலருக்குக் கேள்வி இருந்தது. பதில் ஒரு பழைய உத்தரவில் இருக்கிறது. 1977-ஆம் வருட ராணுவ விதிப்படி நர்சிங் அதிகாரி கல்யாணம் செய்தால் அந்தக் காரணத்துக்காகவே வேலையிலிருந்து அனுப்பலாம். 1995-இல்தான் அதை விலக்கினார்கள். அப்படி 1988-இல் அனுப்பப்பட்ட லெப்டினன்ட் செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை அத்தைக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றார். அவ்வளவுதான்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி தணிக்கும் பராமரிப்பு) நர்சுக்கு. கேரளத்தில் 2008-இலிருந்து இதற்கென்று அரசுக் கொள்கையே இருக்கிறது. கிடப்பு ரோகிகளின் வீடு தேடி நர்ஸ் வருவார். எல்லையைத் தாண்டிப் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு வந்த எங்களுக்கு, நம் வாசலிலேயே இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் போனது வெட்கம்தான். முதுகெலும்பு வரை பரவிய வலிக்கு மார்ஃபின் மாத்திரை வாங்கித் தந்தது, தண்ணீர்ப் படுக்கை கொண்டுவந்து போட்டது, எனக்குப் புண் துடைக்கச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அத்தை தனக்கே சார்ட் எழுதிக்கொண்டிருந்தார்: மணி, மாத்திரை, பத்துக்கு எத்தனை வலி. கை நடுங்க ஆரம்பித்ததும் பேனாவை அந்த நர்சிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் புரிகிறது.

அப்புறம் ஓய்வு பெற்ற ஹவில்தார் மாமாவுக்கு. ஒரு ஆபிசில் படிவம் கொடுத்தபோது, "வீட்டுக்காரரோட சர்வீஸ் நம்பர் என்னம்மா?" என்று கேட்டார்கள். முன்னாள் ராணுவத்தினர் என்றால் ஆண், பெண் என்றால் அவர் விதவை என்பது அவர்கள் கணக்கு. நர்ஸ்தானே என்று இன்னொருவர் வேறு சொன்னார். நான் பேச்சின்றி நின்றேன். மாமா சத்தம் போடவில்லை. "1943-லிருந்தே மிலிட்டரி நர்சுங்க கமிஷன்ட் ஆபிசருங்க. நான் ஹவில்தார். நேர்ல பார்த்தா நான்தான் சல்யூட் அடிக்கணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் இதைக் கேட்ட அத்தை, "1976-ல மேஜர் ஜெனரல் ஆன கெர்ட்ரூட் ஆலிஸ் ராமும் நர்ஸ்தான்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே" என்றார். அந்த வேதனையிலும்.

சவப்பெட்டி மேல் தேசியக்கொடி போர்த்த வேண்டும் என்று இளைஞர்கள் ஆசையாக வாங்கி வந்தீர்கள். அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ நடக்கும் அடக்கத்துக்கு மட்டும்தான் அது என்று மாமா சொன்னதும், ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மடித்து வைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. விதியை மீறியிருந்தால் அத்தைக்குப் பிடித்திருக்காது. 1971 போருக்காக அவருக்குக் கிடைத்த சங்க்ராம் மெடலைத் தலைமாட்டில் வைத்தோம். அது போதுமானதாக இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு ஃப்ரீசர் பெட்டி ஏற்றி வந்தது கள்ளு வண்டிக்காரத் தம்பி. அன்றைய லோடு தாமதமானதற்கு யாரிடம் திட்டு வாங்கினாரோ தெரியாது. பாறை மண்ணில் குழி வெட்டியவர்கள், மலையாளத்தில் இருந்த காகிதங்களைப் பொறுமையாகத் தமிழில் சொல்லிப் புரியவைத்த பஞ்சாயத்து ஊழியர், நாலு மாதம் தினமும் கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டுச் சேச்சி, எல்லோருக்கும் என் கும்பிடு.

தண்ணீர்ப் படுக்கையைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் மூன்று தூக்குப்போசிகள் மிச்சம். ஒன்றின் மூடியில் ஆணியால் குத்திய மீன் படம் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
அவருடைய அண்ணன் மகள்