2024–25 ஆண்டறிக்கை: டிராக் நாட்களின் வரவு செலவும் வரும் பருவத்தின் திட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தணிக்கை செய்யப்பட்ட கணக்கின் நகல் உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதில் உள்ள தொகைகளை மறுபடி இங்கே வாசிக்கப் போவதில்லை. டிராக் நாட்களில், அதாவது நம் சங்க உறுப்பினர்கள் தங்கள் கார்களைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாட்களில், பணம் எந்தெந்த வழியில் போகிறது, வரும் பருவத்துக்கு நுழைவுக் கட்டணத்தை எதை வைத்து நிர்ணயிப்பது என்பவற்றையே இவ்வறிக்கையில் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நான்கு டிராக் நாட்கள் நடந்தன. மூன்று, இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் (முன்பு மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்). ஒன்று, கோவை செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில். அக்டோபரில் வைத்த நாள் மழையால் மதியத்தோடு நின்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தேதி வாங்கினால் இப்படி ஆகும் என்பது தெரிந்ததுதான். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை இனி தேதி கேட்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இனி கணக்கு. டிராக் நாளின் செலவில் பெரும்பகுதி, எத்தனை கார் வந்தாலும் மாறாதது. டிராக் வாடகை, ஆம்புலன்ஸும் மருத்துவரும், தீயணைப்பு ஆட்கள், மீட்பு வண்டி, கொடி பிடிக்கும் மார்ஷல்கள், வாக்கிடாக்கி, பொதுப் பொறுப்புக் காப்பீடு எல்லாம் இதில் அடங்கும். ஐந்து கார் வந்தாலும் முப்பது கார் வந்தாலும் இதே தொகைதான். சாப்பாடு, தண்ணீர், கைப்பட்டை, எண் ஸ்டிக்கர், தலைக்கு ஒன்றாக எடுக்கும் விபத்துக் காப்பீடு ஆகியவை மட்டுமே கார் எண்ணிக்கையோடு கூடிக் குறையும்.

நாம் வழக்கமாகச் செய்த தவறு, மாறாத செலவை முப்பதால் வகுத்ததுதான். முப்பது என்பது டிராக்கில் ஒரு நாளில் வசதியாக ஓடக்கூடிய கார்களின் எண்ணிக்கை. பணம் கட்டி உறுதியாக வருபவர்கள் அத்தனை பேர் இல்லை. எளிதாகப் புரிய ஓர் உதாரணம்: மாறாத செலவு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் காருக்கு 10,000. வந்தது 24 கார்தான் என்றால் அந்த ஒரே நாளில் 60,000 ரூபாய் பள்ளம். அதே செலவை முதலிலேயே 24ஆல் வகுத்தால் 12,500. மாறும் செலவு 1,000 சேர்த்தால் 13,500. இருப்பு நிதிக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 14,850. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,673. ஆக, உறுப்பினர் கட்ட வேண்டியது 17,523. கேட்கும்போது கனமாகத்தான் தெரியும். ஆனால் 24க்கு மேல் வரும் ஒவ்வொரு காரும் சங்கத்துக்கு 13,850 ரூபாய் மிச்சம் தரும். மழை நாளைத் தாங்கப்போவது அந்த மிச்சம்தான். பத்து சதவீதம் மட்டும் போதாது: 24 காரில் ஒரு நாளைக்குச் சேர்வது 32,400. அதை மட்டும் நம்பினால் ஒரு நாள் முழுதும் வீணான நட்டத்தை அடைக்க ஒன்பது டிராக் நாட்களுக்கு மேல் ஆகும்.

கோவைக்கு இந்த 24 பொருந்தாது. காரி டிராக்கின் நீளம் 2.1 கிலோமீட்டர், இருங்காட்டுக்கோட்டை 3.717. குட்டை டிராக்கில் ஒரே நேரத்தில் விடக்கூடிய கார்கள் குறைவு. அதோடு சென்னையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் ஓட்டிப்போய், இரண்டு இரவு தங்கித் திரும்பும் உறுப்பினர்களும் குறைவு. எனவே கோவை நாளுக்குக் கட்டணம் தனியாகக் கணக்கிடப்படும். சென்னைக் கட்டணத்தை அப்படியே எடுத்து வைப்பது கூடாது.

கட்டிய பணத்துக்கு உறுப்பினருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலை 9 முதல் மாலை 5 வரை, உணவு இடைவேளை போக 420 நிமிடம். ஓட்டம் 15 நிமிடம், அடுத்த குழு மாற 5 நிமிடம் என்றால் 21 ஓட்டங்கள். அட்டவணையில் 18 மட்டுமே போடுகிறோம். மீதி மூன்றும் ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடிக்கும் எண்ணெய் சுத்தம் செய்வதற்கும் போய்விடும். போகாத நாள் அபூர்வம். மூன்று குழு, குழுவுக்கு ஆறு ஓட்டம். ஒரு சுற்று 2 நிமிடம் 20 விநாடி என்று கொண்டால், வெளியேறும் சுற்றும் ஆறவைக்கும் சுற்றும் சேர்த்து ஓட்டத்துக்கு ஆறு சுற்று. நாள் முழுதும் 36 சுற்று, ஏறக்குறைய 134 கிலோமீட்டர். டிராக்கில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தால் 27 லிட்டர் பெட்ரோல். வரும் வழியில் பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, இன்ஜின் திணறும். அப்படி நடுவில் நிற்கும் ஒரு காருக்காக அந்தக் குழுவில் ஓடும் பத்துப் பேரின் நேரமும் போகிறது.

நேரம் வீணாவதில் இன்னொரு சிறு காரணம், டோ ஹூக், அதாவது நின்றுபோன காரை இழுக்க மாட்டும் கொக்கி. பலரிடம் அது ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கார்களில் அது இடப்புறமாகத் திருகும் மரை. வலப்புறம் திருகிக்கொண்டே இருந்தால் ஏறாது. காலையில் ஸ்க்ரூட்டினிக்கு (ஓட்டத்துக்கு முன் நடக்கும் கார் பரிசோதனைக்கு) வரும்போதே அதை மாட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது வரும் பருவத்திலிருந்து கட்டாயம்.

பிரேக் பற்றி ஸ்க்ரூட்டினி குழு கடுமையாக இருக்கப்போகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. சென்னைக் கடற்கரைக் காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு டிராக்கில் இறங்கினால் சில சுற்றுகளிலேயே பெடல் பஞ்சாக அமுங்கலாம். எனவே ஆறு மாதத்துக்குள் ஆயில் மாற்றிய ரசீது கேட்கப்படும். பிரேக் பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அனுமதி இல்லை: மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்திவிடும். ஓட்டம் முடிந்து பிட்டுக்கு (டிராக்கை ஒட்டிக் கார்கள் நிற்கும் இடத்துக்கு) வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூட்டில் அழுத்தம் ஏறியதால் காற்றை இறக்கிய டயர்களுக்கு, வீடு திரும்புமுன் காரின் கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் மறந்துவிட்டு அப்படியே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்கள். ஆபத்து டிராக்கைவிட அங்கேதான் அதிகம்.

காப்பீடு குறித்துத் தவறான நம்பிக்கை இருப்பதால் தெளிவாகச் சொல்கிறேன். தனியார் கார் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் விலக்கப்பட்டுள்ளன. பிட் சுவருக்கு அப்பால் உங்கள் கார் உங்கள் பொறுப்பு. தடுப்புச் சுவருக்கோ டயர் அடுக்குக்கோ சேதம் செய்தவரே அதற்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். சங்கம் எடுக்கும் காப்பீடு ஆட்களுக்கும் மூன்றாம் தரப்புக்கும் மட்டுமே.

பொருளாளரும் தணிக்கையாளரும் சுட்டிக்காட்டிய இரண்டு விஷயங்கள். ஒன்று, மார்ச்சில் வாங்கி ஏப்ரலுக்குப் பின் நடக்கும் டிராக் நாளுக்கான முன்பணம் இந்த ஆண்டின் வரவு ஆகாது. மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் அது கடன்பொறுப்பாகவே நிற்க வேண்டும். அதை வரவில் சேர்த்தால் இல்லாத உபரி தெரியும், அதை நம்பிச் செலவு செய்யத் தோன்றும். இரண்டு, சேவைக்கு முன்பணம் வாங்கும்போதே ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடுகிறது. உறுப்பினரிடம்தானே வாங்குகிறோம் என்ற வாதத்தை நம்பி இருக்க முடியாது. 2021 நிதிச் சட்டத் திருத்தம் 2017 ஜூலை 1 முதலே அதை அடைத்தது; அத்திருத்தம் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. டிராக் வாடகை ரசீது சங்கத்தின் ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். எண் தவறியிருந்தால் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாடகையோடு கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது, கைக்கு வராது.

செலவைக் குறைக்க வந்த யோசனைகளில் டி-சர்ட்டை நிறுத்துவதைச் செயற்குழு ஏற்றது. அளவு பொருந்தாமல் தங்கும் சட்டைகள் வருடா வருடம் சேர்கின்றன. மார்ஷல் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. ஒரு கொடிமேடை ஆளில்லாமல் இருந்தால், வளைவுக்கு அப்பால் நிற்கும் காரைப் பற்றி வருபவருக்கு எச்சரிக்கை கிடைக்காது. ஜூலை வெயிலில் நாள் முழுக்க நிற்கும் அவர்களுக்கு நிழற்குடை, மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் மாறாத செலவிலேயே சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர் உணவிலிருந்து மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பழக்கம் இனி இல்லை.

சபையின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானங்கள்: வரும் பருவத்தில் ஜூலை, ஆகஸ்ட், ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டை, பிப்ரவரியில் கோவை. ஜூலை, ஆகஸ்டில் மாலை இடிமழை வழக்கம் என்பதால் அந்த இரண்டு நாட்களிலும் காலை 8 மணிக்கே தொடங்குவோம். முழுக் கட்டணம் டிராக் நாளுக்கு 45 நாட்களுக்கு முன் வந்து சேர வேண்டும். டிராக் நாளுக்கு முப்பது நாள் இருக்கும்போது இருங்காட்டுக்கோட்டைக்கு 24 பேர் பணம் கட்டியிருக்காவிட்டால் அந்த நாள் ரத்து, பணம் முழுதும் திரும்பும். அதன்பின் விலகுபவருக்கு, டிராக் நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை பாதித் தொகை திரும்பும். பிறகு தமக்குப் பதிலாக இன்னொரு உறுப்பினரை அனுப்பலாம், பணம் திரும்பாது. டிராக் வாடகையின் முன்பணத்தை இருப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்டவும், கட்டணம் வந்ததும் அதே நிதிக்குத் திருப்பவும் பொருளாளருக்கு அனுமதி கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்