இணையத்தளத்தில் இன்ஸ்டாகிராம் படங்கள் வரவில்லை: சந்தாவைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் கல்யாண மாலை, மணவறை அலங்காரம் செய்து கொடுக்கும் கடை எங்களுடையது. எங்கள் இன்ஸ்டாகிராம் படங்கள் கடையின் இணையத்தளத்திலும் தானாக வர வேண்டும் என்றுதான் உங்கள் 'ப்ளஸ்' சந்தாத் திட்டத்தில் சேர்ந்தோம். இப்போது அந்த இடத்தில் சாம்பல் கட்டங்கள்தான் நிற்கின்றன. சாட்டில் கேட்டு, மின்னஞ்சலில் கேட்டு, போனில் காத்திருந்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமை மறுபடி இணைக்கும் பச்சைப் பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தால், திரும்பவும் அனுமதி கேட்கும் அதே திரைக்கே வந்து நிற்கிறது. ஆனால் யாரைக் கேட்டாலும் "கேஷை (உலாவி சேமித்து வைக்கும் பழைய தகவல்களை) அழித்துவிட்டுப் பாருங்கள்" என்பதே பதில்.

நேரில் பேசினால் தீரும் என்று, முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம், கட்ட வேண்டிய மாலைகளை அப்படியே போட்டுவிட்டு டௌன்டவுன் ரயிலில் ஊபியில் இருக்கும் உங்கள் அலுவலகம் வரை வந்தேன். முன்பதிவு இல்லாமல் பார்க்க மாட்டார்களாம். முன்பதிவு எங்கே செய்வது என்று கேட்டேன். இணையத்தில் என்றார் வரவேற்பில் இருந்தவர். அந்த இணைப்பும் திறக்கவில்லை! சம்பங்கி வாடியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் போனில் பேசிய தம்பியை என்னால் மறக்க முடியாது. "அக்கா, உங்க கடைப் படம் வரலேன்னா உலகமா முடிஞ்சிடும்? வீட்டுல படிச்ச பசங்க இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார். அம்மா வயதில் இருக்கும் ஒருத்தியிடம் பேசும் பேச்சா இது? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

தனிநபர் கணக்குகளின் படங்களை வெளித் தளங்கள் எடுக்கும் வழியை இன்ஸ்டாகிராமே மூடிவிட்டது என்றும் அவர் சொன்னார். அது 2024 டிசம்பர் 4இல் நடந்தது. எங்களுடையது ஆரம்பத்திலிருந்தே வணிகக் கணக்கு. அதன் பிறகும் படங்கள் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தன. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் பார்த்துவிட்டு, பிழை எண் 190, டோக்கன், அதாவது எங்கள் படங்களை எடுக்க இன்ஸ்டாகிராம் கொடுக்கும் அனுமதிச் சாவி, காலாவதியாகிவிட்டது என்றான். அந்த டோக்கன் 60 நாள்தான் செல்லும், அதற்குள் புதுப்பிக்க வேண்டும். "தானாகப் புதுப்பிக்கிறோம்" என்று சொல்லித்தானே சந்தா வாங்கினீர்கள்? நடுவில் உங்கள் ஆள் ஒருவர் படங்களின் இணைய முகவரியைக் கையால் எங்கள் தளத்தில் ஒட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று புகாரையே மூடிவிட்டார். இன்ஸ்டாகிராமின் பட முகவரிகள் சில நாளில் செத்துவிடும். உங்களுக்குத் தெரியாததா இது? அப்புறம் அவையும் போய்விட்டன.

யீஷூனிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கூப்பிட்டு, "வெறும் கட்டம்தான் வருதும்மா, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டவர் அவர் ஒருவர். கேட்காமலே வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? தை மாத வியாபாரம் மொத்தமும் உங்களால் போனது. பதினைந்தாயிரம் வெள்ளிக்குக் குறையாது.

உங்கள் பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை. இந்த மாதக் கடைசிக்குள் டோக்கனை ஒழுங்காகச் சரிசெய்யுங்கள், படங்கள் வராத காலத்துச் சந்தாவைத் திருப்பித் தாருங்கள், அந்தத் தம்பியின் பேச்சுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். இல்லையென்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவேன். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வக்கீல் வைக்க அனுமதியில்லை, நானே பேசலாம். உங்கள் மின்னஞ்சல்களும் அந்தச் சாம்பல் கட்டங்களின் படங்களும் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
மாலைக்கடை உரிமையாளர்,
லிட்டில் இந்தியா

பின்குறிப்பு: பதில் சொல்ல அந்தத் தம்பியை மட்டும் கூப்பிட வைக்காதீர்கள்.