முதல் காட்சி வாசலில் மைக் நீட்டினால் போதாது

ஆசிரியருக்கு,

அரசியல் சண்டைக்குப் பேர்போன நாவல் ஒன்று படமாகி வந்தால், மறுநாள் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் ஒரே அச்சுதான். முதல் காட்சி முடிந்த வாசலில் மைக் நீட்டி வாங்கிய ஏழெட்டு வாக்கியங்கள், கீழே ‘கலவையான வரவேற்பு’ என்று ஒரு வரி. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் படம் திரையிட்டு, பிறகு உட்கார்ந்து பேசும் வேலையைச் செய்கிறவர்கள் நாங்கள். இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

யார் வந்தார்கள் என்பதைப் பார்க்காமல் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதுவதுதான் முதல் பிசகு. அமெரிக்காவில் அயன் ராண்ட் 1957இல் எழுதிய ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். சுயநலத்தையே அறமாக முன்வைக்கும் புத்தகம். பைபிள் மாதிரி வைத்துக்கொண்டாடுகிறவர்களும் உண்டு, கையால் தொடாதவர்களும் உண்டு. அது 2011, 2012, 2014 என மூன்று பாகமாகப் படமானது. முதல் பாகத்தை விமர்சகர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே பாராட்டினார்கள். இணையத்தில் மதிப்பெண் போட்ட பார்வையாளர்களிலோ பாதிக்கு மேல் ‘பிடித்திருக்கிறது’. ஆனால் சுமார் 2 கோடி டாலர் போட்ட இடத்தில் 50 லட்சம் டாலர்கூடத் திரும்பவில்லை. மதிப்பெண் போட்டவர்களில் பெரும்பகுதி புத்தகத்தின் பக்தர்களாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் தியேட்டர் பக்கமே வரவில்லை. வராதவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். (அந்தப் படத்தின் டிவிடி அட்டையில் ‘சுய தியாகம்’ பற்றிய கதை என்று அச்சடித்துவிட்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை மாற்றித்தர வேண்டிவந்தது. அட்டைக்கு வாசகம் எழுதியவர் நாவலைப் புரட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.)

அடுத்தது சராசரி. பத்துப் பேரில் ஐந்து பேர் 10 கொடுக்கிறார்கள், ஐந்து பேர் 0 கொடுக்கிறார்கள். சராசரி 5, ஆகவே ‘சுமார் படம்’. அந்த அரங்கில் ஒருவர்கூட அதைச் சுமார் என்று சொல்லவில்லை! சராசரியை விட்டுவிட்டு எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்று அச்சிட்டால் போதும்.

கருத்தைச் சீட்டில் வாங்குவது நல்லது. ஏ4 தாளை நான்காகக் கிழித்தால் ஒரு சீட்டு. நூறு இருக்கைக்கு 120 சீட்டு. நாவலை முழுதும் வாசித்தவர், பாதி வாசித்தவர் அல்லது சண்டையை மட்டும் கேள்விப்பட்டவர், ஒன்றுமே தெரியாதவர் என்று மூன்று வகையாகப் பிரித்து, படம் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். முடிந்தபின் கேட்டால், படம் பிடித்தவர்களில் பாதிப் பேர் நாவலையும் வாசித்தவர்களாகிவிடுவார்கள். வகை பிரிக்க வண்ணத்தாள் வேண்டாம். காவி, சிவப்பு, பச்சை, நீலம் என்று எதைத் தொட்டாலும் ஒரு கொடி வந்து நிற்கும். வெள்ளைத்தாளில் ஒரு மூலை வெட்டியது, இரு மூலை வெட்டியது, வெட்டாதது என்று வைத்தால் எண்ணுவதற்கும் சுளுவு. பேனா உதவாது. வெளியே வருகிறவர்கள் சீட்டைச் சுவரில் வைத்துத்தான் எழுதுவார்கள். பால்பாயிண்ட் பேனா அந்த வாக்கில் இரண்டு வரிக்கு மேல் மை இறங்காது. ஐம்பது பென்சிலை இரண்டாக வெட்டிச் சீவிவைத்தால் நூறு பேருக்கு ஆயிற்று.

பேரும் ஊரும் கேட்கக்கூடாது. நம் மாவட்டத்தில் இந்த இரண்டையும் சொன்னால் மதமும் சாதியும் பாதி தெரிந்துவிடும். அப்புறம் கை எழுதாது. ‘நாவலுக்குப் படம் நியாயம் செய்ததா?’ என்ற கேள்வியும் வேண்டாம். அதற்கு ஆளுக்கொரு கட்சிப் பதில் தயாராக இருக்கும். ‘எந்தக் காட்சி மனசில் நிற்கிறது?’ என்று கேட்டால் யோசித்து எழுதுகிறார்கள். வாசித்தவர்களிடம் மட்டும் ‘புத்தகம் எங்கிருந்து கிடைத்தது?’ என்று ஒரு கேள்வி சேர்க்கலாம். நூலகம், கடன், கடை என்று உடனே பதில் வந்தால் வாசித்தவர். அந்த இடம் காலியாக இருந்தால் சந்தேகம்தான்.

நேரமும் கணக்கில் வரவேண்டும். இரவுக்காட்சி முடிந்தால் குலசேகரம், தேங்காப்பட்டணம் பக்கத்து ஆட்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். சீட்டு எழுதுகிறவர் பைக் வைத்திருக்கும் டவுன்காரர்தான். கடற்கரை ஊர்க்காரர்கள் கடலுக்குப் போகாத ஞாயிறு மாலையில்தான் குடும்பத்தோடு வருவார்கள். வெள்ளிக்கிழமையோடு கருத்தை மூடிவிட்டால் அவர்கள் சொல் பத்திரிகைக்கு வந்துசேராது.

அரங்குக்குள் எழும் சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, விசில், சிரிப்பு, மௌனம், செல்போன் வெளிச்சம் ஆகியவற்றை மணியோடு குறித்தால் போதும். எங்கள் மாவட்டத்து விளவங்கோட்டுப் பேச்சை நடிகர் திருநெல்வேலிப் பேச்சாக இழுத்தால் இங்கே சிரிப்பு வரும். அதை அரசியல் கிண்டல் என்று எழுதிவிடுகிறார்கள். பத்துச் செல்போன் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் அந்தக் காட்சி தொய்கிறது என்று அர்த்தம். சீட்டில் இதை யாரும் எழுதமாட்டார்கள்.

சீட்டில் தேதி கட்டாயம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019 அக்டோபரில் ‘அசுரன்’ ஆனது. சிறுவனின் கண்வழி நகரும் நாவல் படத்தில் அப்பாவின் கதையானது. வாசித்தவர்கள் பேச வேண்டிய இடம் இதுதான். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பற்றிக் கட்சிகளுக்கிடையே வாக்குவாதம் கிளம்பியது. அதற்குப் பிறகு ஒருவரிடம் படத்தைப் பற்றிக் கேட்டால், வந்தது படத்துக்கான பதிலா வாக்குவாதத்துக்கான பதிலா என்று தேதி இல்லாமல் எப்படிப் பிரிப்பது?

படம் பார்க்காமலே எதிர்ப்பவர்களின் கருத்தையும் போடுங்கள். தனிக் கட்டத்தில், ‘பார்க்காதவர்கள்’ என்ற தலைப்பில். தேசப் பிரிவினைக் கலவரத்தைச் சொல்லும் பீஷ்ம சாஹ்னியின் ‘தமஸ்’ நாவல் தொலைக்காட்சிக்கு வந்து 1988இல் வழக்கானபோது, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள்.

சீட்டின் மாதிரி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறோம். அடுத்த முறை உங்கள் நிருபர் இங்கே வரும்போது வெள்ளிக்கிழமை காலைக் காட்சியோடு நிறுத்தாமல், ஞாயிறு மாலைக்கும் ஒரு கட்டுச் சீட்டோடு வரட்டும். பென்சில் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
திரையிடல் நடத்தும் வாசகர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்