பழைய வேன் குழு: ஞாயிறு ரிலே வேலை

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குக் கும்பகோணத்தில், வழக்கமான ஷெட்டில், கேம்பர் வேன்களுக்கு ஹெட்லைட் ரிலே மாட்டுகிறோம். ரிலே என்பது சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்சாரத்தால் இயங்கி, பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேரடியாக மின்சாரம் விடும் சின்னப் பெட்டி. 55 வாட் பல்பு இரண்டும் எரிந்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். பழைய வண்டியில் அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் சூடாகும், வெளிச்சம் மங்கும். ராத்திரி அணைக்கரைப் பாலம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர் விஷயம்.

1. வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.
2. ரிலேயின் கால்களில் உள்ள எண்படி ஒயர் கொடுங்கள்: 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு (வண்டியின் இரும்பு பாடிக்கு). ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.
3. நம் ஊர் ஈரத்துக்கு எர்த் போல்ட் துருப்பிடிக்காமல் இருக்காது. உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே முடுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீரும்.
4. கொண்டுவர: 12 வோல்ட் ரிலே 2 (டிம், பிரைட்), 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஹோல்டர்.

ஃபிரிட்ஜ், ஃபேனுக்கு இரண்டாவது பேட்டரி போட நினைப்பவர்கள் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு வேறு ரிலே.

வெள்ளி இரவுக்குள் வண்டி மாடல், பல்பு வாட் இரண்டையும் இங்கேயே பதிவிடுங்கள். வராதவர்களும் தெரிவித்துவிடுங்கள், சாப்பாடு சொல்ல வேண்டும்.