வயிற்றோட்ட மாதிரிகளை வீசிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

களனி கங்கை பெருகி வடிந்த பிறகு கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கங்களில் வரும் வயிற்றோட்டம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொதித்தாறிய நீர் குடிக்கச் சொன்னது சரி. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அதில் இல்லை. மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இத்தகைய வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் பக்டீரியாவும் வைரசும்தான் காரணம். ஆனால் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகளும் தண்ணீரோடு வரும். இரண்டாவது மிகவும் பொல்லாதது. குழாய்நீரில் சேர்க்கும் அளவு குளோரினில் நாட்கணக்காக உயிரோடிருக்கும். தனியாகச் சாயமேற்றிப் பார்க்காவிட்டால் வழமையான மலப் பரிசோதனையில் தப்பிவிடும். கண்ணில் பட்டாலும், அது மனிதரிடையே பரவும் இனமா, மாட்டிலிருந்து வரும் இனமா என்று நுணுக்குக்காட்டியால் சொல்ல முடியாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே.

மரபணுவைப் பார்த்தால்தான் பிரித்தறியலாம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்தக் கிரிப்டோஸ்போரிடியம் கலந்த குழாய்நீர் குடித்து ஏறத்தாழ 4 இலட்சம் பேர் நோயுற்றார்கள். முதலில் மாட்டுப் பண்ணைகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. சில வருடங்களுக்குப் பின், பத்திரப்படுத்தியிருந்த நோயாளிகளின் மாதிரிகளைப் பரிசோதித்தபோது, அவற்றில் இருந்தது மனிதரிடையே பரவும் ஹொமினிஸ் இனம். பார்வை கழிவுநீரின் பக்கம் திரும்பியது. மாதிரிகளை அன்றே வீசியிருந்தால் இன்றுவரை மாடுகள்தான் குற்றவாளி! 2008இல் இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயரில் விடை இன்னும் துல்லியமாகக் கிடைத்தது. நோயாளிகளிலும், தண்ணீரிலும், சுத்திகரிப்பு நிலையத் தொட்டிக்குள் விழுந்து செத்த முயலிலும் ஒரே வகை ஒட்டுண்ணி.

கொழும்புக்கு இது தூரத்துக் கதையல்ல. நமது குழாய்நீருக்காக அம்பத்தலே சுத்திகரிப்பு நிலையத்தில் எடுப்பது களனி கங்கை நீர். அதன் மேற்புறத்தில் ஊர்களும் மலக்குழிகளும் உண்டு, மாடுகளும் உண்டு. வெள்ளத்தில் கிணறுகள் வேறு மூழ்குகின்றன. ஒரே பகுதியில் உள்ள நோயாளிகளிடம் ஒரே மரபணு வகை தெரிந்தால் பொது மூலத்தைத் தேட வேண்டும். பல வகைகள் கலந்திருந்தால் வீட்டுக்கு வீடு கிணற்றையும் மலக்குழியையும் பார்க்க வேண்டும். மரபணு மட்டும் போதாது என்பதும் உண்மை. சில வகைகள் உலகெங்கும் பரவியிருப்பதால் பொருத்தம் தற்செயலாகவும் அமையலாம். யார் எங்கே என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு வீடாகக் கேட்கும் விபரம் கூடவே வேண்டும்.

இது நம்மால் ஆகாத காரியமல்ல. கொரோனாக் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலேயே வைரஸின் மரபணு வகைகளைக் கண்டறிந்தார்கள். எல்லா நோயாளிக்கும் இது தேவையுமில்லை. ஒரே பகுதியில் பலருக்கு ஒன்றாக வயிற்றோட்டம் வந்தால் மட்டும், ஒட்டுண்ணி தெரிந்த மாதிரிகளில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் போதும். அதையும் ஃபோர்மலினில் போடக்கூடாது. அது மரபணுவைச் சிதைத்துவிடும். குளிரூட்டியிலோ அற்ககோலிலோ வைக்க வேண்டும். சுகாதார அமைச்சு இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லா ஆய்வுகூடங்களுக்கும் அடுத்த மழைக்கு முன்னரே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13